நஞ்சுக்கொடியும் குழந்தையின் வளர்ச்சியும்



குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் நம் ஊரில் என்ன பேசுகிறார்கள்? "மருமக சரியாச் சாப்பிடலே", "கிரகணத்திலே வெளியே போனா" என்று தாயின் மேல்தான் பழி. நஞ்சுக்கொடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வயலில் நாற்று நல்ல நாற்றுதான். ஆனால் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயிர் எப்படி வளரும்? குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுவரும் வாய்க்கால்தான் நஞ்சுக்கொடி.

நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் பொதுவாக 46 குரோமோசோம்கள் உண்டு. தாய் தந்தது 23, தந்தை தந்தது 23. கரு உண்டான ஆரம்ப நாட்களில் அணுக்கள் பிரியும்போது சில சமயம் கணக்குத் தவறிவிடும். அந்தத் தவறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிடுவதும் உண்டு; குழந்தையின் குரோமோசோம் சரியாகவே இருக்கும். 1983ஆம் ஆண்டில்தான் மருத்துவ உலகம் இதைக் கண்டு சொன்னது. கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கில் நஞ்சுக்கொடித் துணுக்கை எடுத்துச் சோதித்தால், 100 பேரில் ஒருவர் இருவருக்கு இது தென்படும்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் குழந்தை நலமாகவே பிறக்கும். சிலருக்கு மட்டும், முக்கியமாக 16ஆம் எண் குரோமோசோம் கூடுதலாக இருந்தால், வளர்ச்சி குன்றலாம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு வரலாம், பிரசவம் முந்திக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். கர்ப்பிணியின் ரத்தத்தில் செய்யும் குரோமோசோம் சோதனையும் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் சேதியைத்தான் சொல்கிறது. அதில் குறை என்று வந்தால், குழந்தைக்கே குறை என்று முடிவுகட்டி அவசரப்பட்டுக் கர்ப்பத்தைக் கலைத்துவிடாதீர்கள். 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரைச் சோதித்து உறுதிசெய்து கொள்ளலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

தாய்மார்களே! மாதாமாதம் நர்சம்மாவிடம் எடை, ரத்தக்கொதிப்பு பாருங்கள். வயிறு மாதத்துக்கேற்ப வளர்கிறதா என்று டேப் வைத்து அளப்பார்கள். வளர்ச்சி குறைவென்றால், ஸ்கேன் எடுத்து ரத்த ஓட்டம் பார்த்து, பிரசவத்துக்கு ஏற்ற நாளை டாக்டர் சொல்வார். குழந்தையின் துடிப்பு குறைந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தகப்பன்மார்களே! இந்தத் தவறு சாப்பாட்டாலும் வருவதில்லை, வேலையாலும் வருவதில்லை, கிரகணத்தாலும் வருவதில்லை. யார் மேலும் குற்றமில்லை. வீட்டில் பழிப்பேச்சு எழுந்தால் நீங்கள்தான் முதலில் தடுக்க வேண்டும். பரிசோதனை நாளில் வேலையை ஒதுக்கிவிட்டு மனைவியோடு கூடவே போங்கள்.

வாய்க்காலைக் கவனிப்போம், பயிரைக் காப்போம்.