காலடிக்கு அசைந்த பாலம்

லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் வடகரையிலுள்ள செயின்ட் பால் பேராலயத்தின் பக்கமிருந்து தென்கரையின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தை நோக்கிச் செல்லும் மில்லேனியம் பாலம், நடந்து செல்வோருக்கென்றே கட்டப்பட்ட, 325 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலம் ஆகும். எனினும் காணச் செல்பவர் கண்ணுக்கு அது தொங்கு பாலமாகவே தோன்றாது. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர், சிற்பி ஆண்டனி காரோ, ஆரப் நிறுவனப் பொறியாளர்கள் ஆகியோர், சுற்றிலும் உள்ள காட்சியை மறைக்கும் உயர்ந்த கோபுரங்களைத் தவிர்த்து, பக்கத்திற்கு நான்காக எட்டு எஃகு வடங்களை நடைதளத்தை ஒட்டியே தாழ்வாக இழுத்துக் கட்டினர். 144 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணில், அதாவது ஆற்றுக்குள் நிற்கும் இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில், வடத்தின் தொய்வு 2.3 மீட்டர் மட்டுமே. துணி உலர்த்தும் கொடியை விறைப்பாகக் கட்டக் கட்ட அதன் இழுவிசை கூடுவதுபோல, இவ்வடங்களும் பெரும் இழுவிசையைத் தாங்கி நிற்கின்றன.

2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட பாலம், திரண்ட கூட்டத்தின் நடையால் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. 1831இல் இங்கிலாந்தின் ப்ராட்டன் பாலம் படைவீரர் அணிநடையில் இடிந்தபின், பாலத்தின்மீது படைகள் ஒத்த நடை போடலாகாது என்ற விதி வழக்கில் இருந்தது உண்மையே. ஆனால் இங்கே நடந்தவர்கள் எவருடைய கட்டளைக்கும் கால் வைத்தவர்கள் அல்லர். மனிதன் நடக்கையில் வலக்கால் ஒரு பக்கமும் இடக்கால் மறுபக்கமுமாகத் தரையைச் சிறிதளவு தள்ளுவதால், ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை பக்கவாட்டு விசை எழுகிறது. தளம் சற்றே அசைந்ததும், விழாமல் நிற்க ஒவ்வொருவரும் காலை அகட்டி வைக்க, அந்தத் தற்காப்பே அசைவுக்கு மேலும் வலுவூட்டியது. பின்னர் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, சுமார் 160 பேர் வரை அடங்கியிருந்த ஆட்டம், மேலும் சிலர் சேர்ந்ததும் திடீரென வளர்ந்தது. சுமைக்கு அஞ்சிப் பழகிய பொறியியல், நடையின் இந்த எதிர்வினையைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

வடங்களை மேலும் விறைப்பாக்கினால் பாலத்தின் மெல்லிய உருவமே கெடும் என்பதால், அசைவின் ஆற்றலை உறிஞ்சும் ஒடுக்கிகளைப் பொருத்தும் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. அவற்றுள் 37 ஒடுக்கிகள், மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைப் போல, உருளைக்குள் அடைபட்ட திரவத்தின் தடையால் இயங்குபவை. வேறு சில, வில்சுருளில் ஏற்றப்பட்ட எடைகளாகத் தளத்தின் ஆட்டத்திற்கு எதிராக அசைபவை. 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே செல்பவர் பேராலயத்தின் குவிமாடத்தைப் பார்த்து நடந்துவிட்டுத் திரும்பாமல், கரையிறங்கி நடைதளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து நோக்கினால், பின்னர் சேர்க்கப்பட்ட இந்த உருளைகளையும் அவற்றைத் தாங்கும் எஃகுச் சட்டங்களையும் காணலாம்.