ஓலை ஜோசியமும் யந்திர வைத்தியமும்

(கடலூர் முதுநகரில் பேசியதன் சுருக்கம்)



செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நோயாளிகளின் கணக்கை ஆராய்கிற மேல் படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கையை ஒழிக்கிற கூட்டத்தில் எம்.டெக். படிப்புக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நான் கேட்பதெல்லாம், அந்தப் படிப்பில் நம் பிள்ளைகள் இல்லாமல் போனால் நம் உடம்பைப் பற்றி முடிவு சொல்லப்போகிறவர் யார் என்பதுதான்.

சிதம்பரத்துக்குத் தெற்கே, சீர்காழியையும் தாண்டினால் வைத்தீஸ்வரன் கோயில். அங்கே கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால், உனக்கு என்ன வியாதி வரும், எப்போது வரும் என்று நாடி ஓலை பார்த்துச் சொல்லுகிறார்கள். சொன்னது பலிக்காவிட்டால் ஓலைமேல் குற்றமில்லை. உன் கர்மவினை, நீ பரிகாரம் செய்யவில்லை என்று முடிந்துவிடும். எத்தனை பேருக்குச் சொன்னோம், எத்தனை தப்பிப் போயிற்று என்று எந்த ஓலைக்காரராவது கணக்குக் காட்டியதுண்டா?

இப்போது யந்திரத்தைப் பாருங்கள். நீரிழிவு முற்றினால் கண்ணின் உள்திரையில் இரத்தக் குழாய்கள் கெட்டுப் பார்வை போகும். கூகுள் கம்பெனியார் 1,28,175 கண் படங்களைச் சேர்த்து, 54 கண் வைத்தியர்களைக் கொண்டு ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு தடவை தரம் பிரிக்கச் செய்து, அவற்றைக் காட்டி யந்திரத்தைப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு நம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களின் படங்களும் அதில் சேர்ந்தவை. பிறகு யந்திரம் பார்த்திராத புதுப் படங்களைக் கொடுத்து, வைத்தியர் சொன்னதோடு ஒத்துப் பார்த்து, இத்தனை சரி, இத்தனை தவறு என்று 2016ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஓலையிலிருந்து இதைப் பிரிக்கிற வித்தியாசம் இந்தத் தவறுக் கணக்குத்தானே ஒழிய, இது மின்சாரத்தில் ஓடுகிறது என்பதல்ல.

நிற்க. யந்திரம் சொல்லிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறதாயிருந்தால் ஓலையே தேவலை! இதே கம்பெனியாரின் யந்திரத்தைத் தாய்லாந்து நாட்டுச் சிறு வைத்தியசாலைகளில் வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 100க்கு 21 படம் தெளிவில்லை என்று தள்ளுபடியாயிற்று. வெளிச்சத்தை மறைக்கத் தனி அறை இல்லாததும் ஒரு காரணமென்று 2020ல் எழுதியிருக்கிறார்கள். படம் தள்ளுபடியானவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவன் இன்னொரு நாள் கூலியையும் எப்படி விடுவான்?

அமெரிக்கச் சங்கதி இதைவிட மோசம். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தீர்மானிக்க அங்கே ஒரு யந்திரக் கணக்கு இருந்தது. அது நோயை எண்ணவில்லை. வைத்தியத்துக்கு ஆகும் செலவை எண்ணிற்று. கறுப்பருக்குச் செலவிடப்பட்டது குறைவு. ஆகையால் அவருக்கு நோயும் குறைவு என்று முடிவு கட்டிவிட்டது! 2019ல் ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, சரியானபடி கணக்கிட்டால் அந்தக் கவனிப்பைப் பெறுவோரில் கறுப்பர் 100க்கு 17.7 என்பது 46.5 ஆக வேண்டும் என்று காட்டினார்கள். இத்தனைக்கும் அந்த யந்திரத்துக்கு யாரும் நிறத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய கணக்குப் புத்தகமே சொல்லிக் கொடுத்துவிட்டது. நம் நாட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஜாதி இல்லையென்று நினைக்கிறீர்களா? ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் செத்த சேரிக்காரன் எந்தப் பேரேட்டில் இருக்கிறான்?

பேரேட்டை நாமே எழுதலாம் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். இந்தக் கடலூர் சிப்காட் ஆலைகளை ஒட்டிய கிராமத்தார் 2004ல், இன்ன தேதி, இன்ன மணி, இன்ன நாற்றம் என்று தங்கள் மூக்கைக் கொண்டே எழுதி வைத்தார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்பினார்கள். அதுவரை வாய்ப்பேச்சாயிருந்த நாற்றத்துக்கு ரசாயனப் பெயர் வந்தது. நான் சொல்லுகிற மேல் படிப்பின் முதல் பாடம் இதுதான். யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள், எதை எதற்குப் பதிலாக எண்ணினார்கள் என்று கேட்கத் தெரிந்த பிறகுதான் மற்றக் கணிதமெல்லாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலிலேயே இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். அப்படிச் சேருகிற கணக்கை நாளைக்கு ஆராயப்போகிறவர்களில், அந்த வாசலில் பிறந்த பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டாமா?

சிதம்பரத்தில் நந்தன் உள்ளே நுழைய நெருப்பில் இறங்கவேண்டியிருந்ததாகக் கதை. பக்கத்தில் 1929ல் ஏற்பட்ட அண்ணாமலை சர்வகலாசாலைக்குள் நுழைய அது வேண்டியதில்லை. கட்டணம் என்கிற நெருப்பு எங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட் பரீட்சையில் தேறி அங்கீகாரம் பெற்ற எம்.டெக். படிப்பில் சேருகிறவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. மனுப்போடத் தெரியாதவர்கள், பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் முக்கியமாக, கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருக்கும் தோழர்களைப் பாருங்கள். பள்ளிச் சான்றும் கல்லூரிச் சான்றும் கொண்டுவந்தால் போதும். ஜாதகம் வேண்டியதில்லை.