உடுக்குறிச் சதுரமும் நடுவிலுள்ள வெற்றிடமும்

ஐதராபாத் நகரில் வாழும் தமிழர்களுக்கு அமீர்ப்பேட்டையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏனைய நகரங்களில் வாழும் நேயர்களுக்காகச் சிறிது கூறுவோம். மைத்ரிவனம் என்னும் கட்டடத்தையும் அதனை அடுத்துள்ள ஆதித்யா என்கிளேவ் என்னும் வளாகத்தையும் சுற்றிக் கணிப்பொறிப் பயிற்சி நிலையங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதி அது. சுவர்களில் திரைப்பட நடிகர்களின் பெயர்களோடு கணிப்பொறி மொழிகளின் பெயர்களும் இடத்துக்குப் போட்டியிடுவதை அங்கே காணலாம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இணையவழி வகுப்புகள் பெருகிவிட்டன. எனினும், வேலை தேடி இங்கு வந்து சேரும் இளைஞர் கூட்டம் ஓய்ந்துவிடவில்லை. அவர்களுள் தமிழ் இளைஞரும் உளர். பொறியியல் கற்றோரேயன்றி வரலாறும் வணிகவியலும் இலக்கியமும் கற்றுப் பட்டம் பெற்றோரும் உளர்.

இப்பின்வகையினர் படிப்பைத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு பயிற்சியைச் சந்திக்கிறார்கள். அதுவரையில் எல்லாம் எளிதாகவே தோன்றும். இரண்டு எண்களைக் கூட்டுவது, பெயரைத் திரையில் தோன்றச் செய்வது ஆகியவற்றில் தடுமாற்றம் இராது. பின்னர் ஒருநாள் ஆசிரியர், 'ஐந்து வரியும் ஐந்து நிரையும் கொண்ட ஒரு சதுரத்தை உடுக்குறிகளால் அச்சிடுக. ஆனால் நடுவில் வெறுமையாக இருத்தல் வேண்டும்' என்று கூறுவார். உடுக்குறி என்பது அச்சகத்தார் அடிக்குறிப்புக்கு இடும் விண்மீன் வடிவம். முதல் வரியில் 5 உடுக்குறிகள். அடுத்த மூன்று வரிகளிலும் இரு கோடிகளில் மட்டும் ஒவ்வொன்று. கடைசி வரியில் மீண்டும் 5. பள்ளிச் சிறுவனும் தாளில் வரைந்துவிடக்கூடிய படம். அதனை வரையும்படி பொறிக்குச் சொல்லத் தெரியாமல்தான் பலர் திகைக்கிறார்கள்.

திகைத்தவர்கள் இரண்டு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். 'கலைப் படிப்புப் படித்தவனுக்கு இது வராது' என்று சிலர் பயிற்சியையே கைவிடுகின்றனர். ஊரில் கடன் வாங்கிக் கட்டிய கட்டணமும் விடுதி வாடகையும் வீணாகின்றன. வேறு சிலர் விடையை உருப்போட்டு விடுகின்றனர். நேர்முகத் தேர்வில் சதுரத்துக்குப் பதிலாக முக்கோணத்தைக் கேட்டால், உருப்போட்டது உதவுவதில்லை. இப்பயிற்சியில் கணிதம் என்று சொல்லத்தக்கது ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது மட்டுமே. மற்றவையெல்லாம் சொல்லைச் செம்மையாக ஆளுவதைச் சார்ந்தவை. ஆகவே, கலைப் பட்டதாரிகள் இதனைக் கண்டு அஞ்சுவதற்கு நியாயமே இல்லை என்பது நம் கருத்து.

படம் வரையப் பொறிக்கு ஏன் எழுத்துகளைக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். முற்காலக் கணிப்பொறிகளுடன் இணைந்த அச்சுப்பொறி கோடு வரையும் கருவியன்று. ஒரு வரியை அச்சிட்டுத் தாளை மேலே தள்ளும். அடுத்த வரியை அச்சிடும். கடந்த வரிக்குத் திரும்பி வாராது. இந்நகரில் 1967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய மின்னணுக் கழகம் டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியைக் கட்டியளித்தது. இன்று இ.சி.ஐ.எல். என்பது பலருக்குப் பேருந்தின் நெற்றியில் காணும் ஊர்ப்பெயராகவே தெரியும்! அந்தத் தலைமுறைப் பொறிகளிடம் படம் வேண்டுமென்றால் எழுத்துகளை வரிவரியாக அடுக்கியே பெற வேண்டும். அந்தப் பழைய ஒழுங்கு தொடக்கநிலைப் பாடத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, திரும்பிப் பாராமல் செல்ல வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாட்டில்தான் பயிற்சியின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அலுவலகங்களில் தட்டச்சுப்பொறி ஆட்சி செலுத்திய நாட்களை மூத்த நேயர்கள் நினைவுகூர முடியும். அறிக்கையின் முகப்புத் தாளில் தலைப்பைச் சுற்றி உடுக்குறிகளால் ஒரு சட்டம் அமைக்க விரும்பிய தட்டச்சர் என்ன செய்தார்? முதல் வரியில் உடுக்குறியை வேண்டிய மட்டும் தட்டினார். நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குச் சென்றார். அங்கு ஓர் உடுக்குறி, பின்பு இடைவெளிக் கட்டையைப் பலமுறை தட்டல், வலக்கோடியில் மீண்டும் ஓர் உடுக்குறி, மீண்டும் நெம்புகோல். விரல் தட்டுவது ஒரு சுற்று. நெம்புகோலைத் தள்ளுவது மற்றொரு சுற்று. நெம்புகோல் ஒருமுறை அசைவதற்குள் விரல் ஒரு வரி முழுவதையும் கடந்துவிடுகிறது. கணிப்பொறி ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவது இவ்வளவே.

இச்சுற்றினைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மடக்கு' என்று வழங்குகின்றன. அருமையான சொல். தண்டியலங்காரம் படித்தவர்களுக்கு மடக்கு என்பது ஓர் அணியின் பெயர். வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வரும். பொருள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாகும். நிரலில் வரும் மடக்கிலும் அதே கட்டளை மீண்டும் மீண்டும் வருகிறது. எண்ணி வரும் எண் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாகிறது. ஒரு மடக்கினுள் மற்றொரு மடக்கு அமைவதைப் 'பின்னலான மடக்கு' என்கின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் அத்துணை உவப்பாக இல்லை. பின்னலில் இழைகள் ஒன்றுக்கொன்று சமமானவை. இங்கோ ஒன்று மற்றொன்றன் வயிற்றினுள் இருக்கிறது. வெளிமடக்கு, உள்மடக்கு என்றே இங்குக் கூறுவோம். வெளிமடக்கு வரியை எண்ணுகிறது. உள்மடக்கு வரியில் உள்ள இடங்களை எண்ணுகிறது.

நமது சதுரத்தில் 25 இடங்கள் உள்ளன. பொறி ஒவ்வோர் இடத்துக்கும் சென்று நான்கு கேள்விகளைக் கேட்கிறது: இது முதல் வரியா? கடைசி வரியா? வரியின் முதல் இடமா? கடைசி இடமா? ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தால் உடுக்குறி. நான்குக்கும் 'இல்லை' என்றால் வெற்றிடம். முடிவில் 16 உடுக்குறிகளும் 9 வெற்றிடங்களும் அமைகின்றன. பக்கத்துக்கு 20 என்று மாற்றினால் 76 உடுக்குறிகளும் 324 வெற்றிடங்களும் அமையும். கேள்விகளோ அதே நான்குதான். தான் ஒரு சதுரம் வரைந்ததாகப் பொறிக்குத் தெரியாது. ஓரத்தில் நிற்பவர் யார் என்பதை மட்டுமே அது ஒவ்வொரு முறையும் விசாரித்தது.

வெற்றிடத்தையும் அச்சிட வேண்டும் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. 'ஒன்றும் இல்லாத இடத்தில் எதை அச்சிடுவது?' என்பது அவர்கள் கேள்வி. உடுக்குறி இடும் கட்டளையை மட்டும் எழுதிவிட்டு, வெற்றிடத்துக்கு ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். அப்போது இரண்டாம் வரியில் இடச்சுவரின் உடுக்குறியை அடுத்து வலச்சுவரின் உடுக்குறி வந்து ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழும் நீண்ட கைகளுமாக, இடப்புறம் தடித்த சுவருமாக, ஆங்கிலத்தின் சி எழுத்தைப் போன்ற ஓர் உருவம் திரையில் நிற்கும். வலச்சுவரை அதன் இடத்தில் நிறுத்தியவை அந்த மூன்று வெற்றிடங்களே. தட்டச்சர் இடைவெளிக் கட்டையைத் தட்டாமல் வலக்கோடிக்குப் போயிருக்க முடியாதல்லவா? வெற்றிடம் உடுக்குறியின் அகலமே பெற்றிருப்பதும் இன்றியமையாதது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவை நிரலாளர் பயன்படுத்துவது இதற்காகவே.

வரியை முடிக்கும் கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். அதனை உள்மடக்கினுள் வைத்துவிட்டால், ஒரு வரிக்கு ஓர் எழுத்தாக 25 வரிகள் நீளும். அறவே மறந்துவிட்டால் 25ம் ஒரே வரியில் ஓடும். உள்மடக்கு முடிந்த பின், வெளிமடக்கு அடுத்த சுற்றைத் தொடங்குமுன், அது நிற்க வேண்டும்.

இனி, மொழியைக் கற்றவர்கள் உற்று நோக்க வேண்டிய ஓர் இடம் வருகிறது. 'முதல் வரியிலும் கடைசி வரியிலும் உடுக்குறி இடுக' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். தமிழில் அந்த 'உம்' முற்றிலும் பொருத்தமானதே. அதனை நம்பி, 'வரி முதலாவதாகவும் கடைசியாகவும் இருந்தால்' என்று பொறிக்கு எழுதினால் ஓர் உடுக்குறியும் விழாது. முதலாவதாகவும் கடைசியாகவும் ஒருங்கே இருக்கும் வரி அந்தச் சதுரத்தில் ஏது? பொறிக்கு வேண்டியது 'அல்லது'. நாம் வரிகளின் கூட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறோம்; பொறி ஓர் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வரிக்குரிய கேள்விகளையும் இடத்துக்குரிய கேள்விகளையும் 'உம்' கொண்டு இணைத்தாலோ நான்கு மூலைகள் மட்டும் எஞ்சும். சட்ட வாசகங்களை மொழிபெயர்க்கும்போது 'உம்' எங்கே, 'அல்லது' எங்கே என்று நாம் படும் பாட்டுக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. இலக்கணம் கற்றவர்கள் இவ்விடத்தில் பொறியியல் கற்றோரைவிடப் பின்தங்க வேண்டியதில்லை.

நம் வீட்டு வாசலில் இம்மடக்குகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. '9 புள்ளி, 5 வரை, ஊடுபுள்ளி' என்று வார இதழ்களில் கோலத்தின் கீழே அச்சிட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். நடுவரிசையில் ஒன்பது புள்ளிகள். மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைந்து ஐந்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் இடைவெளிகளில் அமைய வேண்டும். இத்தனையும் அந்தச் சிறு தொடரில் அடங்கிவிட்டன. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 61 புள்ளிகள். எதில் தொடங்குவது, எதில் நிறுத்துவது, எவ்வாறு குறைப்பது என்னும் மூன்றும் அதில் உண்டு. மடக்குக்கு வேண்டியவையும் அவையே. தெலுங்கு நாட்டு மாதர் 'முக்கு' இடும்போதும் புள்ளிகளை இவ்வாறே எண்ணி வைக்கின்றனர்.

புள்ளி வைத்த பின் இழை செல்லும் வழி வேறு. கை வளைந்து, சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். வரிவரியாக மட்டுமே செல்லத் தெரிந்த பொறிக்கு அதனை எவ்வாறு விளக்குவது? தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து இவ்வகை வினாக்களை ஆராய்ந்தனர். 1972இல் அவர்கள் வெளியிட்ட முறையில், முதலில் கிடையாக ஒரு வரிசை தோன்றும். பின்னர் அவ்வரிசையின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு நிரை வளரும். கிடையும் செங்குத்துமாக இரு படிகள்! 1974இல் அவர்களுடைய கட்டுரை கோலத்தையே தலைப்பில் தாங்கிக் கணிப்பொறி வரைகலை பற்றிய பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. அந்தத் துறையில் ஆராய்வோர் இன்றும் அதனைச் சுட்டுகின்றனர்.

நிரலையே தமிழில் எழுத இயலுமா என்று கேட்பவர்களுக்கு, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியைச் சொல்லலாம். அதனை விளக்கும் கட்டுரையை அவர் 2009இல் வெளியிட்டார். அதில் அச்சிடும் கட்டளை 'பதிப்பி'. நிபந்தனை முதலில் வரும். 'ஆனால்' என்னும் சொல் அதன் பின்னே வரும். 'மழை பெய்தால்' என்று நிபந்தனையைச் சொல்லின் ஈற்றில் சேர்த்துப் பழகிய நமக்கு அந்த ஒழுங்கு இயல்பாக இருக்கிறது. எழில் கற்றோருக்கு அமீர்ப்பேட்டையில் வேலை கிடைக்கும் என்று நாம் கூறவில்லை. அங்கே வழங்குபவை வேறு மொழிகள். ஆயினும், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் இச்சதுரத்தை எழிலில் அமைத்துப் பார்த்தால், ஆங்கிலச் சொற்களின் அச்சம் விலகிக் கேள்விகள் மட்டும் கண்முன் நிற்கும்.

சதுரம் கைவந்தவர் கட்டம் போட்ட ஏடு ஒன்றை எடுத்து முக்கோணத்துக்குச் செல்லலாம். இடப்புறச் சுவர் நேராக நிற்கும் முக்கோணத்தில் வரியின் எண்ணே அவ்வரியில் உள்ள இடங்களின் எண்ணிக்கை. ஆகவே, 'கடைசி இடமா?' என்னும் கேள்வி 'இடத்தின் எண்ணும் வரியின் எண்ணும் ஒன்றா?' என்று மாறுகிறது. 'முதல் வரியா?' என்ற கேள்வியே தேவையற்றதாகிவிடுகிறது. கூர்முனையில் ஓர் இடம்தான் உண்டு, அது முன்னமே ஓரத்தில் நிற்கிறது. ஐந்து வரிகளில் 12 உடுக்குறிகளும் 3 வெற்றிடங்களும் அமையும்.

கூம்பு வடிவம் சற்றுக் கடினம். கோபுரம்போல் இரு புறமும் சரியும் அதில் வெற்றிடம் இருவகைப்படும். உள்ளே இருப்பது ஒன்று. இடப்புறத்தில் வெளியே இருந்துகொண்டு ஒவ்வொரு வரியையும் வலப்பக்கம் தள்ளி நிறுத்துவது மற்றொன்று. ஐந்து வரிக் கூம்பில் முதல் வரிக்கு முன் நான்கு வெற்றிடங்கள், அடுத்ததற்கு மூன்று, இவ்வாறு குறைந்து கடைசி வரியில் ஒன்றுமில்லை. இவற்றுக்கென ஓர் உள்மடக்கும், உருவத்துக்கென மற்றோர் உள்மடக்கும் அடுத்தடுத்து எழுத வேண்டும். வலப்புறத்தில் வெளியே உள்ள வெற்றிடத்தை மட்டும் அச்சிட வேண்டியதில்லை. அதற்கு அப்பால் இடம் பிசகாமல் நிறுத்தவேண்டிய உடுக்குறி எதுவும் இல்லை.