இதயச் சுவர் தடித்தே ஆக வேண்டுமா?

நேரே விடயத்துக்கு வருகிறேன். நான் எதைப் பேசப்போகிறேன் என்பது முன்வரிசையிலுள்ள வைத்திய நண்பர்கள் சிலருக்குத் தெரியும். பாரம் ஏறினால் இதயம் தளராதிருக்கச் சுவர் தடித்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களோடுள்ள பழைய வழக்கை இன்று தீர்த்துவிடுவதாக உத்தேசம்.

பிறஷர் நோயாளி ஒருவரின் கிளினிக் கொப்பியைத் திறந்தால் பிறஷர்க் குளிசைகளின் பெயர்களுக்குக் கீழே எக்கோ என்ற இதய ஸ்கானின் முடிவு இருக்கும்: இடது இதயவறைச் சுவர் 14 மில்லிமீற்றர். அது 11க்குள் நிற்க வேண்டியது. "பயப்படாதேங்கோ ஐயா, பாரம் கூடினதால இதயம் தன்னைப் பலப்படுத்துது" என்று சொல்லி அனுப்புகிறோம். இந்த ஆறுதலுக்கு லாப்பிளாசின் விதி துணை. சுவர் தடித்தால் தசை தாங்கும் இழுவிசை குறையும். 1975இல் குரொஸ்மன் குழுவினர் நோயாளிகளிடம் அளந்தும் காட்டினார்கள். கணக்கு சரி. ஆனால் தடிக்காவிட்டால் இதயம் தளர்ந்துவிடும் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. அதை நண்பர்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

1998இல் எரிக் ஓல்சனின் ஆய்வுகூடத்திலிருந்து மொல்கென்ரின் முதலாசிரியராக ஒரு கட்டுரை வந்தது. கலத்துக்குள் ஏறும் கல்சியம் கல்மொடியூலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கல்சினியூரின் என்ற நொதியத்தை எழுப்புகிறது. அது என்ஃபாட் புரதத்திலுள்ள பொசுபேற்றைக் கழற்றுகிறது. கழன்றதும் என்ஃபாட் கருவுக்குள் போய், காட்டா-4 என்ற இன்னொரு புரதத்தோடு கூடி, முளையப் பருவத்துப் பரம்பரையலகுகளை மறுபடி முடுக்குகிறது, கலம் பருக்கிறது. இந்த நொதியத்தை ஓயாமல் இயங்கவிட்ட சுண்டெலிகளின் இதயம் இரண்டு மூன்று மடங்கு பெருத்து, பிறகு செயலிழந்தது. உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் அந்தப் பெருக்கத்தைத் தடுத்தது.

சண்டை அங்கே தொடங்கியது. பெருநாடியை நூலால் இறுக்கிப் பாரம் ஏற்றிய விலங்குகளில், சில ஆய்வுகூடங்களில் மருந்து பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை. 1999இல் வந்த ஒரு கட்டுரையில், மருந்து கொடுத்த சுண்டெலிகளின் தடிப்பு குறைந்தது, ஆனால் அவை கூடுதலாக இறந்தன. என் நண்பர்கள் இந்தக் கட்டுரையைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிகிறார்கள். 2000இல் ஜோசப் ஹில் குழுவினர் அதே மருந்தைக் கொடுத்துத் தடிப்பைத் தடுத்தபோது இதயம் தளரவில்லை என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள். சைக்ளோஸ்போரின் குருதியமுக்கத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இப்படிப்பட்ட சாட்சியை இரு தரப்பும் விட்டுவிடலாம்.

2002இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ரொக்மன் குழுவினர் மருந்தே இல்லாமல் செய்து பார்த்தார்கள். ஒரு வகைச் சுண்டெலியின் இதயத்தில் கலத்தைப் பருக்கச் சொல்லும் ஜி-கியூ சமிக்ஞையை அடைக்கும் புரதத் துண்டை வைத்தார்கள். இன்னொரு வகைக்கு நோரட்ரினலின் ஆக்கும் நொதியமே இல்லை. பெருநாடியை இறுக்கினார்கள். எட்டு வாரத்தில் சாதாரணச் சுண்டெலிகளின் சுவர் தடித்தது, கூடவே இதயமும் தளர்ந்தது. மற்றவற்றில் சுவர் அவ்வளவு தடிக்கவில்லை. இழுவிசை கூடுதலாகவே இருந்தது. ஆயினும் இதயம் பெரிதாகத் தளரவில்லை. நண்பர்கள் சொல்வது உண்மையானால் முதலில் விழுந்திருக்க வேண்டியவை இவைதானே?

எலிக் கதை மனிதருக்கு ஆகாது என்பார்கள். 2002இல் வெளியான லைஃப் ஆய்வில் இதயம் தடித்த 9,193 பிறஷர் நோயாளிகள் இருந்தார்கள். லோசார்ட்டன், அற்றெனலோல் என்ற இரு குளிசைகளும் அமுக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. தடிப்பு லோசார்ட்டனில் கூடுதலாகக் குறைந்தது, பக்கவாதமும் குறைவு. தடிப்புக் குறைந்ததால் அவர்களுக்குக் கேடு வரவில்லை.

கூட்டத் தலைவர் மணி பார்க்கிறார். எல்லாத் தடிப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சியில் வளரும் இதயம் பிஐ3கே, ஏகேடி என்ற வேறு சமிக்ஞை வழியால் வளர்கிறது. இரை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டு நாளில் 40 சதவீதம் பருத்துத் திரும்பச் சுருங்குகிறது. அது தனிச் சொற்பொழிவு.

இங்கே நம் பகுதியில் செய்யக்கூடியவை: உடலுழைப்பால் இதயம் வளர்ந்திருக்கக்கூடிய கரைவலை இழுப்போரின் எக்கோவைப் பிறஷர் நோயாளிகளின் எக்கோவோடு ஒப்பிடலாம். தென்னாசியரில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இதயத் தசையிலுள்ள மையோசின் பிணைப்புப் புரதத்தின் பரம்பரையலகில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2009இல் தண்டபாணி குழுவினர் காட்டினார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் யாராவது இதைப் பார்க்க வேண்டும். எக்கோ ஒப்பீட்டில் கர்ப்பிணிகளையும் சேர்க்கலாம். குறைந்தபட்சம், கொப்பியில் சுவரின் அளவை ஒருமுறை எழுதிவிட்டு விடாமல், குளிசை மாற்றியபின் மறுபடி அளந்து எழுதுங்கள்.