சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி

புதன், வெள்ளி இரண்டும் நள்ளிரவில் உச்சி வானத்துக்கு வருவதே இல்லை. விடியலில் கிழக்கே தெரியும், இல்லையென்றால் அந்தியில் மேற்கே. பூமியின் பாதைக்கு உள்ளே சுற்றுவதால், சூரியனை விட்டு வெள்ளி சுமார் 47 பாகைக்கு மேலும், புதன் 28 பாகைக்கு மேலும் விலகுவதாகத் தெரிவதில்லை.

சில சமயம் அவை சூரியனுக்கு நேர் முன்னாலும் கடக்கும். 1631 நவம்பரில் புதன் அப்படிக் கடக்கும் என்று கணித்தவர் வானியலாளர் கெப்ளர். பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

அந்தக் கடப்பைக் காண பாரிஸில் காத்திருந்தவர் பியர் கசெண்டி என்ற வானியலாளர். அறையை இருட்டாக்கி, தொலைநோக்கி வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்தார். தரையை உதைத்தால் கீழ்த்தளத்தில் இருக்கும் உதவியாளர் சூரியனின் உயரத்தை அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நவம்பர் 7 காலை, மேகம் விலகியதும் தாளில் ஒரு சின்னக் கரும்புள்ளி! இத்தனை சிறிதாக இருக்கவே, ஏதோ சூரியப்புள்ளி என்றே முதலில் நினைத்தார். சூரியப்புள்ளி நகர நாட்கள் பிடிக்கும். இதுவோ கண்ணெதிரே நகர்ந்தது. அதன் பிறகுதான் அது புதன் என்று உறுதியானது. மனிதர் கண்ட முதல் புதன் கடப்பு அதுதான்.

அடுத்த புதன் கடப்பு 2032 நவம்பர் 13. நம் ஊரில் பிற்பகலில் தெரியும். சூரியனை நேரடியாகப் பார்க்காதீர்கள். தகுந்த வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் பாருங்கள்.