மணிக்கணக்கில் கொம்பிரசர், அடிக்கணக்கில் மனிதன்

(உரும்பிராயில் கிணறு வெட்டும் தொழிலாளர் மத்தியில் எமது சங்க அமைப்பாளர் ஆற்றிய உரை)



மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை மலை. உரும்பிராயில் தோட்டம் என்றால் வெங்காயமும் வாழையும் நிற்கும் செம்மண் தரை. அந்தச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதை உடைத்துக் கிணற்றை ஆழமாக்க வருபவர்களில் எங்கள் லயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேயிலைத் தொழிலாளர் சங்கம் கொம்பிரசரைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் அதுதான்.

அலவாங்கும் சுத்தியலும் பிடித்த இடத்தில் இன்று உழவு இயந்திரத்தில் பூட்டிய கொம்பிரசர் நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் அழுத்திய காற்று ஹோஸ் வழியே இறங்கிக் கல்லைப் பிளக்கிறது. இயந்திரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. தோள்மூட்டு தப்பியது அதனால்தான். ஆனால் அதன் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. உள்ளே நிற்பவனுக்குக் கூலி அடிக்கணக்கில். கல் இறுகினால் மேலே நிற்பவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், கீழே நிற்பவன் அவசரப்படுகிறான். அந்த அவசரத்தில்தான் உயிர் போகிறது.

புகையை முதலில் சொல்கிறேன். என்ஜின் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. "மணந்தால் ஏறிவிடுவேன்" என்று நம்பி நிற்காதீர்கள். தலையிடியும் வாந்தியும் வந்தால் உடனே மேலே வாருங்கள். சற்றுப் பொறுத்தால் கால் ஏணியில் நிற்காது. கொம்பிரசரைக் கிணற்று வாயிலிருந்து தள்ளி, காற்று புகையை மறுபக்கம் கொண்டுபோகும் திசையில் நிறுத்த வேண்டும். அதன் காற்றிழுக்கும் வாய் புகைக்குழாய்ப் பக்கம் இருந்தால் அந்தப் புகையே ஹோஸ் வழியாகக் கீழே வரும். எந்த என்ஜினையும், தண்ணீர் இறைக்கும் மெசினையும்தான், கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட விடாதீர்கள். ஒருவன் மயங்கினால் தூக்கப் போகிறவனும் அங்கேயே விழுவான். ஆகவே இறங்கும்போதே இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க ஆள்.

ஹோஸ் பொருத்து கழன்றால் இரும்புத் தலையோடு சாட்டைபோல் அடிக்கும். பொருத்துக்குப் பொருத்து பாதுகாப்புக் கம்பிவடம் போடச் சொல்லுங்கள். உடம்புத் தூசியை அந்தக் காற்றால் ஊதுவதும், பகிடிக்கு ஒருவர்மேல் பிடிப்பதும் வேண்டாம். தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலைக் கிழிக்கும்.

மலையகக் கருங்கல்லில் துளை போட்டுவிட்டு வந்தவர்கள் கவனியுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா அதிகம், நுரையீரலில் படிந்தால் மருந்தில்லை. தண்ணீர் விட்டுத் துளைப்பதுதான் வழி. இங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா குறைவு. அதற்காக மூக்கைத் திறந்துவைத்து வேலை செய்யலாம் என்றில்லை.

1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிக்குப் பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் கேட்கிறது. வயலில் நிற்கும் தாங்கியும் அதே தாங்கிதான். மானி உடைந்திருந்தால் இறங்காதீர்கள்.

விபத்து நடந்த பின் கிணற்றுக்காரர் கொந்தராத்துக்காரரைக் காட்டுவார், கொந்தராத்துக்காரர் கொம்பிரசர்காரரைக் காட்டுவார். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. அதன்படி கேட்கப் போனால் முதல் கேள்வி, "உன் தொழில்தருநர் யார்?" பெயர், இடம், தேதி, கூலி, கூட நின்றவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன், எனக்கு அதுதானே தொழில். கொப்பிகள் மேசையில் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போங்கள்.