நாற்பத்திரண்டு வயசில்

(கடையநல்லூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"நாற்பது தாண்டியாச்சு, இனிமே என்னத்த மாத்தப் போறோம்" என்ற பேச்சு நம் குழுக்களில் அடிக்கடி காதில் விழுகிறது. பீடித் தட்டு, அடுப்படி, வயல் என்றே காலம் போயிட்டுது என்கிறோம். அதனால்தான் இன்றைக்குக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவைப் பற்றிப் பேச நினைத்தோம்.

1926-ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே தவறிட்டார். அம்மா கூலி வேலை பார்த்துத்தான் வளர்த்தார். டாக்டர் சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் வாங்கினார். உத்தியோகம் பார்த்துச் சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் ஐயாவை 1950-ல் கல்யாணம் செய்துகொண்டு, பூதான வேலையில் இறங்கிவிட்டார்.

1968 டிசம்பர் 25. கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி கிராமம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு வயசு 42. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், நாமும் அப்படித்தானே செய்கிறோம்? இவரும் கணவரும் அந்தப் பகுதியிலேயே தங்கி வேலை செய்தார்கள்.

கூலி கேட்டதற்கே இந்தக் கதி என்றால், சொந்தமாக நிலம் வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 1981-ல் லாப்டி என்ற 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' தொடங்கினார்கள். பண்ணையாரிடம் பேசி விலை முடிப்பது, வங்கிக் கடன் வாங்குவது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துப் பதிவு செய்வது, விளைச்சலில் கடனை அடைப்பது. நமக்குப் பழகின கணக்குதான்! பெயரில் 'உழுபவன்' என்று இருந்தாலும், பத்திரம் எழுதினது பெண்கள் பேரில். இப்படிப் பல ஆயிரம் குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020-ல் பத்ம பூஷணும் கிடைத்தன. ஆனால் விருதைவிட அந்தப் பத்திரங்கள்தான் நமக்குப் பெரிசாகத் தெரிகிறது.

அவரைப் போல எல்லோரும் ஊரை விட்டுக் கிளம்ப முடியாது. பிள்ளைகுட்டி இருக்கு, மாமியார் மாமனார் இருக்காங்க. ஆனால் ஒன்று கேட்கிறோம். குழுக் கடன் யார் பேரில்? நம் பேரில். தவணை தவறினால் யாரைத் தேடி வர்றாங்க? நம்மைத்தான். அந்தக் கடனைப் போட்டு வாங்கின மனையும் கட்டின வீடும் யார் பேரில் இருக்கு?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. முஸ்லிம் சகோதரிகளுக்கு ஷரீஅத்திலேயே பங்கு உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் சலுகையும் வந்தது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று எடுத்து வாங்க. வாசிக்கத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் வாசித்துச் சொல்வார்.